தாழ்ந்த இமை: அழகுக் குறையா, பார்வைக் குறையா?

மேல்இமை அறுவை சிகிச்சை என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழும் முதற்சொல் ‘அழகு’. திரைக் கலைஞர்களும் வசதி படைத்தவர்களும் முதுமையை மறைப்பதற்காகச் செய்துகொள்வது என்பதே பரவலான எண்ணம். அறுபதைக் கடந்த ஒருவர், அதிலும் ஒரு பெண், “இமை கண்ணை மறைக்கிறது, டாக்டரிடம் காட்ட வேண்டும்” என்று சொன்னால், “இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?” என்னும் மறுமொழிதான் வீட்டில் கிடைக்கிறது. காப்பீட்டு நிறுவனம் சொல்வதும் ஏறத்தாழ இதுவே. நடை மட்டும் அலுவலக நடையாக மாறியிருக்கும். இரண்டு இடங்களிலும் எவரும் அந்த இமையை அளந்து பார்ப்பதில்லை. சிகிச்சைக்கு இடப்பட்ட பெயரே தீர்ப்பாகிவிடுகிறது. ஒருவருடைய பார்வை எவ்வளவு மறைந்திருக்கிறது என்ற கேள்விக்கு எண்ணால் விடை சொல்ல முடியும்போது, அந்த விடையைத் தேடாமல் பெயரைக் கொண்டு முடிவெடுப்பது மருத்துவமும் அன்று, நியாயமும் அன்று.

பார்வை என்பதை நாம் பெரும்பாலும் கூர்மை என்றே புரிந்துகொள்கிறோம். கண் மருத்துவமனைச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டைதான் நமக்குப் பார்வையின் அளவுகோல். நெதர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் அந்த அட்டையை வெளியிட்டார். இன்றுவரை உலகமே அதைப் பயன்படுத்துகிறது. அதன் கடைசி வரிகளைப் படித்துவிட்டால் கண் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியடைகிறோம். ஆனால் பார்வைக்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. நேராக ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலும் கீழும் பக்கவாட்டிலும் எவ்வளவு பரப்பு தெரிகிறது என்பதே அது. இதைப் பார்வைப் புலம் என்பர். இயல்பான ஒரு கண்ணுக்கு மேற்புறம் ஏறத்தாழ 60 பாகையும், கீழ்ப்புறம் 70 முதல் 75 பாகையும், மூக்குப் பக்கம் 60 பாகையும், பொட்டுப் பக்கம் 90 பாகைக்குச் சற்றுக் கூடுதலாகவும் புலம் விரிந்திருக்கும். மேல்இமை தாழும்போது முதலில் பறிபோவது இந்த மேற்புலம். எழுத்து அட்டை இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. அட்டையின் முன் அமர்ந்தவர் தம்மை அறியாமலே புருவத்தை உயர்த்தி, மோவாயைச் சற்றே தூக்கிக்கொண்டு கடைசி வரிவரை படித்துவிடுவார். ‘பார்வை 6/6’ என்று குறிப்பேட்டில் ஏறிவிடும். அவருடைய குறையோ அந்தக் குறிப்பேட்டுக்கு வெளியே நிற்கும்.

இமை தாழ்வதாக நாம் பொதுவாகச் சொல்வதில் உண்மையில் மூன்று வேறுபட்ட நிலைகள் உள்ளன. முதலாவது, இமையின் தோல் நெகிழ்ச்சி இழந்து மடிப்பாகத் தொங்குவது. இதில் இமையின் விளிம்பு தன் இடத்திலேயே இருக்கக்கூடும். ஆனால் அதன்மேல் கூரையின் தாழ்வாரம்போலத் தோல் இறங்கிக் கண்ணை மறைக்கும். இரண்டாவது, இமை விளிம்பே கீழிறங்குவது. இமையைத் தூக்கும் தசை கண்குழியின் உட்பகுதியிலிருந்து வந்து, மெல்லிய நார்ப்படலமாக விரிந்து இமையைப் பற்றியிருக்கிறது. முதுமையில் இந்தப் படலம் தளர்ந்தோ பிடி நழுவியோ போவதுதான் பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் காரணம். நெடுங்காலம் கான்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்களிடமும், கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலரிடமும் இது வருவதுண்டு. மூன்றாவது, புருவமே சரிந்து இமையின்மேல் அமர்வது. மூன்றும் ஒருவரிடமே சேர்ந்தும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும், சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் வேறு. விளிம்பு தாழ்ந்தவருக்குத் தோலை மட்டும் வெட்டினால் இமை உயராது. புருவம் சரிந்தவருக்கு இமைத் தோலை அளவுக்கு மீறி வெட்டினால் புருவம் இன்னும் கீழே இழுபடும்.

இந்தக் குறையோடு வாழ்பவர்களின் நாள் எப்படிப்பட்டது என்பதை அறிந்தால்தான் ‘அழகு’ என்ற சொல் எவ்வளவு பொருந்தாதது என்று புரியும். தாழ்ந்த இமையைத் தூக்க உடல் தானாகவே ஒரு வழி கண்டுபிடிக்கிறது. நெற்றித் தசையைச் சுருக்கிப் புருவத்தின் வழியாக இமையை இழுத்துப் பிடிக்கிறது. காலையில் இது எளிது. மாலைக்குள் நெற்றி களைத்துவிடும், தலை வலிக்கும். இன்னொரு வழி, மோவாயைத் தூக்கித் தலையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொள்வது. அதன் விலையைக் கழுத்து கொடுக்கிறது. பேருந்தின் பெயர்ப்பலகை, சாலைக்கு மேலே தொங்கும் போக்குவரத்து விளக்கு, சமையலறையின் மேல்தட்டு, தாழ்வான நிலைப்படி, நடைபாதையில் தாழ்ந்து நிற்கும் மரக்கிளை என மேலே இருப்பவை எல்லாம் ஒவ்வொன்றாக உலகத்திலிருந்து மறைகின்றன. வியப்பூட்டும் இன்னொரு செய்தி, படிப்பதும் கடினமாகிறது என்பது. நார்ப்படலம் தளர்ந்த இமை, கண் கீழ்நோக்கும்போது இன்னும் தாழ்கிறது. புத்தகத்தையோ, தையல் வேலையையோ, அரிசியில் கல் பொறுக்கும் முறத்தையோ குனிந்து பார்க்கையில் இமை கண்மணியையே மூடிவிடும். ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாளிதழ் படிக்கும் பெரியவர்களைப் பார்த்திருப்போம். அவர்களில் பலர் இதை முதுமையின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டு, கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, படிப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

இதை அளப்பதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. நேராகப் பார்க்கச் சொல்லி ஒரு சிறு விளக்கைக் காட்டினால் கண்மணியின் நடுவில் ஒளிப்புள்ளி தெரியும். அந்தப் புள்ளிக்கும் மேல்இமை விளிம்புக்கும் இடையே உள்ள தூரம் பொதுவாக 4 முதல் 5 மில்லிமீட்டர். அது 2 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் பார்வை பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. அடுத்தது பார்வைப் புலச் சோதனை. இமையை அதன் போக்கில் விட்டு ஒரு முறையும், ஒட்டுநாடாவால் தூக்கிக் கட்டி இன்னொரு முறையும் புலத்தை அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் இமை திருடிக்கொண்ட பார்வை. அமெரிக்கக் கண் மருத்துவர் கழகம் 2011இல் வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கை, இத்துறையில் வந்த ஆய்வுகளைத் தொகுத்து, எந்நிலையில் இந்த அறுவையைச் செயல்பாட்டுத் தேவையாகக் கருதலாம் என்று வரையறுத்தது. மேலே சொன்ன தூரம் 2 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருப்பது, மேற்புலத்தில் குறைந்தது 12 பாகை அல்லது 24 விழுக்காடு இழப்பு, கீழ்நோக்கிப் பார்க்கையில் படிப்பதற்கு இடையூறு, மோவாயைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டிய நிலை முதலியன அதில் உள்ளன. அழகு எது என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. 12 பாகை அப்படிப்பட்டதன்று.

சரி, அறுவை சிகிச்சை பார்வைக்கு என்ன செய்கிறது? முதற்பயன், மறைந்த மேற்புலம் திரும்புவது. அதோடு சுற்றுப்புறப் பார்வையும், அன்றாட வேலைகளைச் செய்யும் திறனும், வாழ்க்கைத் தரமும் மேம்படுவதையும் அந்த 2011ஆம் ஆண்டு அறிக்கை உறுதிசெய்தது. கண்ணுக்குள் செல்லும் ஒளியின் அளவு கூடுவதால் மங்கலான வெளிச்சத்தில் சிலருக்குத் தெளிவு மிகுகிறது. நெற்றிக்கு ஓய்வு கிடைப்பதால் மாலைத் தலைவலி குறையக்கூடும். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து நடத்தப்படும் அறுவை இது. இமை விளிம்பைத் தூக்கும்போது, மருத்துவர் நோயாளியையே கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லி உயரத்தைச் சரிபார்ப்பதும் உண்டு.

செய்யாதது எது என்பதையும் அதே தெளிவோடு சொல்ல வேண்டும். இமை அறுவை கண்ணாடியின் பவரைப் போக்காது. கண்புரையையும் கண்ணழுத்த நோயையும் விழித்திரைப் பாதிப்பையும் அது தொடுவதே இல்லை. மாறாக, பவர் சற்றே மாறக்கூடும். தாழ்ந்த இமை கருவிழியின்மேல் அழுத்திக்கொண்டே இருப்பதால் அதன் வளைவு நுட்பமாக மாறியிருக்கும். பாரம் நீங்கியதும் வளைவு மீண்டும் மாறும். பெரும்பாலோருக்கு இது சிறிய மாற்றமே. ஆயினும், புண் ஆறி, வீக்கம் வடிந்து, இமை ஓரிடத்தில் நிலைகொண்ட பின்னரே புதிய கண்ணாடி வாங்குவது அறிவுடைமை. கண்புரைக்கும் அறுவை செய்ய வேண்டியிருப்பவர் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடுவது கருவிழியின் வளைவைக் கொண்டுதான். எதை முதலில் செய்வது என்ற முடிவு இரண்டையும் சேர்த்துப் பார்த்தே எடுக்க வேண்டியது. கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கும் இது முக்கியம். தாழ்ந்த இமையால் புலச் சோதனையில் விழும் நிழல், நோயால் விழும் நிழலைப் போலத் தோன்றி மருத்துவரைக் குழப்பக்கூடும்.

பார்வைக்குத் தீங்கு நேரவும் இடமுண்டு. இமை வெறும் திரை அன்று. ஒவ்வொரு இமைப்பும் கண்ணீரைக் கருவிழியின்மேல் பரப்பும் ஒரு துடைப்பு. தொல்காப்பியம் எழுத்தொலியின் கால அளவாகிய மாத்திரையைக் கண்ணிமைக்கும் பொழுதைக் கொண்டு வரையறுக்கிறது. மனிதர் எண்ணாமலே ஒரே சீராகச் செய்யும் செயல் அது. தோலை அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் அந்தச் செயல் முழுமை பெறாது. தூக்கத்தில் கண் முழுவதும் மூடாது, கருவிழி உலரும், எரிச்சலும் மங்கலும் வரும், முற்றினால் புண்ணாகும். ஏற்கெனவே கண் வறட்சி உள்ளவர்களுக்கு இந்த இடர் கூடுதல். எனவேதான் கண்ணீரின் அளவை முன்னதாகச் சோதிப்பதும், எவ்வளவு வெட்டலாம் என்பதைவிட எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்பதை எண்ணிச் செய்வதும் நல்ல மருத்துவரின் இலக்கணமாகின்றன. ஒரு கண்ணின் இமையைத் தூக்கியதும் மற்ற கண்ணின் இமை தாழ்வதும் உண்டு. இரு இமைகளுக்கும் மூளை ஒரே அளவு ஆணையை அனுப்புவதே காரணம். ஒரு கண் தேவைக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த முயற்சி நின்றதும், அதனால் தாங்கப்பட்டிருந்த மற்றொன்றும் தன் உண்மை நிலைக்கு வந்துவிடுகிறது.

மிக அரிதானதும் மிக அச்சந்தருவதுமான இடர், கண்ணுக்குப் பின்புறம் இரத்தம் கசிந்து பார்வை நரம்பை நெருக்குவது. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இப்படிப் பார்வை நிலையாகப் பறிபோவது ஏறத்தாழ 22,000 பேரில் ஒருவருக்கு நேரலாம் என்று மதிப்பிட்டது. மிகச் சிறிய எண்தான். ஆனால் சுழி அன்று. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர் அதை மறைக்கக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் தாமாக நிறுத்தவும் கூடாது. அறுவைக்குப் பின் கடும் வலியும், கண் பிதுங்கலும், பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் காலைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவ்வளவும் ஒரு கண் மருத்துவச் சிகிச்சைக்கு உரிய செய்திகள். பிறகு எப்படி ‘அழகு’ இதன்மேல் ஏறிக்கொண்டது? இமைச் சீரமைப்பைக் குறிக்கும் ‘பிளெஃபரோபிளாஸ்டி’ என்னும் சொல்லை 1818இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிரேஃபே வழங்கினார். புற்றுநோய்க்காக வெட்டி எடுக்கப்பட்ட இமையை மீண்டும் உருவாக்கும் பணிக்கு அவர் வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் ‘பிளெஃபரான்’ இமை. பிற்பகுதிக்கு வனைதல், உருக்கொடுத்தல் என்று பொருள். குயவர் மண்ணை வனைவது போன்ற வினை அது. அதில் அழகு என்னும் பொருள் எங்குமே இல்லை. பிளாஸ்டிக் சர்ஜரி என்னும் தொடரும் அவ்வாறே. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் பலகைகளில் அது ‘ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை’ என்று எழுதப்பட்டிருக்கும். தீக்காயத்துக்குத் தோல் ஒட்டுவதும், துண்டான விரலை இணைப்பதும் அந்தத் துறையின் பணிகள். ஆனால் பேச்சில் ‘பிளாஸ்டிக் சர்ஜரி’ என்றாலே மூக்கைத் திருத்துவது என்றாகிவிட்டது. சொற்களின் பொருள் சுருங்குவது மொழியின் இயல்பு. அதில் குறை காண ஒன்றுமில்லை. சுருங்கிய பொருளை வைத்துக்கொண்டு ஒருவருக்குச் சிகிச்சையை மறுக்கும்போதுதான் அது குறையாகிறது.

அந்த மறுப்பு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தங்களின் விலக்குகளை ஒரே சொற்களில் அமையுமாறு சீர்ப்படுத்தியது. நாடு முழுவதும் பாலிசிகளில் ஒரே வாசகம் இருப்பது நல்லதே. அந்தப் பட்டியலில் எட்டாம் எண் விலக்கு, அழகு அல்லது பிளாஸ்டிக் அறுவைக்கும் தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்கும் ஆகும் செலவைப் பற்றியது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றின் பின்னான சீரமைப்புக்கு அது இடம் தருகிறது. இவை தவிர, காப்பீடு பெற்றவரின் உடல்நலத்துக்கு நேரடியாகவும் உடனடியாகவும் உள்ள ஆபத்தை நீக்குவதற்கான மருத்துவத் தேவையாக இருந்தால், சிகிச்சை தரும் மருத்துவரின் சான்றோடு அனுமதிக்கிறது.

இந்த வாசகத்தை ஒரு மொழி மாணவர் படிப்பதுபோலப் படித்தால் இரண்டு சிக்கல்கள் தென்படும். முதலாவது, ‘அழகு அல்லது பிளாஸ்டிக் அறுவை’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால், நோக்கத்தைக் குறிக்கும் சொல்லும் செய்முறையைக் குறிக்கும் சொல்லும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுகின்றன. இரண்டாவது, விதிவிலக்காகச் சொல்லப்பட்டவை எல்லாம் காரணத்தையோ ஆபத்தையோ பற்றியவை. விபத்து ஒரு காரணம், தீக்காயம் ஒரு காரணம், புற்றுநோய் ஒரு காரணம். உறுப்பு தன் வேலையைச் செய்ய முடியாமற்போவது, அதாவது செயலிழப்பு, அந்தப் பட்டியலில் தனித்துச் சொல்லப்படவில்லை. தாழ்ந்த இமை மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் பார்வையை எடுத்துக்கொள்கிறது. அது நேரடியானதுதான், ‘உடனடி’ என்ற ஒரே சொல் அதை வெளியே நிறுத்திவிட வழிசெய்கிறது.

இதே அளவுகோலைக் கண்புரையின்மேல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலோருக்குக் கண்புரையும் உடனடி ஆபத்து அன்று; அதுவும் மெல்லத்தான் மறைக்கிறது. ஆயினும் காத்திருப்புக் காலம் முடிந்ததும் அதற்கான செலவைக் காப்பீடு ஏற்கிறது. எவரும் அதை அழகு என்று சொல்வதில்லை. திரை கண்ணுக்குள் விழுந்தால் நோய், வெளியே விழுந்தால் ஒப்பனை என்று பிரிப்பதற்கு மருத்துவத்தில் அடிப்படை ஏதும் இல்லை. நம் சட்டமே வேறு இடத்தில் புலத்தின் மதிப்பை ஒப்புக்கொண்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறைபார்வையை வரையறுக்கும்போது கூர்மையை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பார்வைப் புலம் 40 பாகைக்குக் குறைந்து 10 பாகைவரை சுருங்குவதையும் குறைபார்வை என்கிறது. இமை தாழ்ந்த முதியவர் அந்த வரம்புக்குள் வரமாட்டார். அதற்காக அவர் வாதிடவும் வேண்டியதில்லை. பார்வை என்பது பாகைகளாலும் அளக்கப்படுவது என்று ஒரு சட்டம் அறிந்திருக்கும்போது, காப்பீட்டு விதி மட்டும் அறியாததுபோல இருக்க வேண்டியதில்லை என்பதே செய்தி.

காப்பீட்டு நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. தோற்றத்துக்காகச் செய்துகொள்ளும் அறுவையைப் பார்வைக் குறை என்று எழுதி வாங்கிப் பணம் கேட்போர் வரமாட்டார்கள் என்று எவரும் உறுதி கூற முடியாது. அந்தச் செலவு இறுதியில் எல்லாருடைய பிரீமியத்திலும் ஏறும். ஆனால் இந்த அச்சத்துக்கு மருந்து முழு விலக்கு அன்று, அளவீடு. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் இந்த அறுவைக்குப் பணம் கோருவோர் புலச் சோதனை முடிவையும் ஒளிப்படத்தையும் ஆதாரமாகத் தர வேண்டியிருக்கிறது. அங்கும் சச்சரவுகள் இல்லாமலில்லை. எனினும் சச்சரவு எண்களைப் பற்றியதாக இருக்கிறது, பெயரைப் பற்றியதாக அன்று. ஒட்டுநாடாவோடும் இல்லாமலும் எடுத்த இரண்டு புலச் சோதனைகள், அளவு தெரிய எடுத்த ஒரு நேர்முகப் படம், இமை விளிம்பின் தூரம் ஆகிய மூன்றையும் நம் நாட்டு விதியிலும் எழுதிவிட்டால் போலிக் கோரிக்கைகள் தாமே உதிரும், உண்மையானவை நிற்கும்.

அளவீடு இல்லாமற்போவதால் வரும் கேடு ஒரு பக்கத்தோடு நிற்பதில்லை. ‘சோர்ந்த கண்ணுக்குப் புதுப்பொலிவு’ என்று விளம்பரம் செய்யும் அழகு நிலையங்களும் அளப்பதில்லை. அங்கே வருபவர் நோயாளி அல்லர், வாடிக்கையாளர். அவருடைய இமை ஏன் தாழ்ந்தது என்ற கேள்விக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு உயிரையே காக்கும் விடைகள் உண்டு. திடீரென ஓர் இமை தாழ்ந்து, பொருள்கள் இரட்டையாகத் தெரிந்து, அந்தக் கண்ணின் பாப்பாவும் விரிந்திருந்தால், மூளையின் இரத்தக் குழாய் ஒன்று வீங்கி நரம்பை அழுத்துவதாக இருக்கலாம்; அது மணிக்கணக்கில் கவனிக்க வேண்டிய அவசரம். காலையில் நன்றாயிருந்து மாலையில் தாழும் இமை, தசைக் களைப்பு நோயாகிய மயஸ்தீனியாவாக இருக்கலாம். அதற்கு முதல் மருந்து கத்தி அன்று. இமை சற்றே தாழ்ந்து பாப்பாவும் சுருங்கியிருந்தால் கழுத்திலும் மார்பிலும் காரணம் தேட வேண்டும். வயற்காட்டில் உறங்கி எழுந்தவருக்கு இமை தூக்க முடியாமற்போனால், அது கட்டுவிரியனோ நல்லபாம்போ தீண்டியதன் முதல் அறிகுறியாக இருக்கலாம் என்பதைக் கிராமப்புற மருத்துவர்கள் நன்கு அறிவர்.

குழந்தைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. பிறவியிலேயே இமை தாழ்ந்த குழந்தையைப் பார்த்து ‘தூங்கு மூஞ்சி’ என்று கொஞ்சிவிட்டுப் போய்விடுவோம். பெரியவரின் கண் முழுமையாக வளர்ந்த கண். இமையைத் தூக்கினால் பார்வை திரும்பும். குழந்தையின் பார்வையோ மூளையில் இன்னும் உருவாகிக்கொண்டிருப்பது. கண்மணியை இமை மூடியிருந்தாலோ, இமையின் அழுத்தத்தால் கருவிழி வளைந்திருந்தாலோ, மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தவே கற்றுக்கொள்ளாமல் விட்டுவிடும். இதைச் சோம்பேறிக் கண் என்பர். காலம் கடந்தபின் இமையைத் தூக்கினால் முகம் திருந்தும். பார்வை முழுமையாகத் திருந்தாமற்போகலாம். “கல்யாணத்துக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணிக்கலாம்” என்று பெண் குழந்தையின் சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள், இதை முகத்தின் செய்தியாகப் பார்ப்பதால்தான் அப்படிச் செய்கின்றன. அழகு என்ற சொல் முதியவரிடம் சிகிச்சையை மறுக்கிறது. குழந்தையிடம் தாமதிக்க வைக்கிறது. கேடு இருவருக்கும் கண்ணில்தான்.

ஆகவே செய்ய வேண்டியவை சிலவற்றை வெளிப்படையாகச் சொல்லலாம். பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976இல் தொடங்கி இன்றுவரை ஊர்ப்புறங்களில் பெரும்பணி ஆற்றிவருகிறது. அதன் முதற்கவனம் கண்புரையாக இருந்ததும் முறையே. அதே முகாம்களில் ஒரு விளக்கும் அளவுகோலும் கொண்டு இமை விளிம்பின் தூரத்தையும் குறித்துக்கொள்வதற்கு ஒருவருக்கு ஒரு நிமிடம் போதும். காப்பீட்டு ஆணையம் எட்டாம் விலக்கில் காரணங்களோடு செயலிழப்பையும் சேர்த்து, அதை நிறுவும் எண்களையும் எழுத வேண்டும். மருத்துவர்கள் வெறுமனே ‘மருத்துவத் தேவை’ என்று ஒரு வரியில் சான்று எழுதாமல், அளவுகளோடும் புல வரைபடங்களோடும் எழுத வேண்டும். அதற்கு முன்பாக, எவ்வளவு பார்வை திரும்பும், எது திரும்பாது, எது கெடக்கூடும் என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும்.

நோயாளியும் குடும்பத்தாரும் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. தாழ்ந்தது தோலா, விளிம்பா, புருவமா? ஏன் தாழ்ந்தது? நாடா ஒட்டிப் பார்த்தபோது எத்தனை பாகை கூடியது? கண்ணில் ஈரம் போதுமானதாக இருக்கிறதா? அறுவைக்குப் பின் கண் முழுவதும் மூடுமா? இவற்றுக்கு விடை சொல்லாத இடத்தில், விலை குறைவென்றாலும், இமையை ஒப்படைக்க வேண்டாம்.

இவை எல்லாம் நடந்தபின் ஒருவர் “எனக்குத் தோற்றமும் திருந்தினால் மகிழ்ச்சிதான்” என்று சொன்னால் அதிலும் வெட்கப்பட ஏதுமில்லை. பார்வை திரும்புகையில் முகமும் சற்று மலர்வது அந்தச் சிகிச்சையைப் பொய்யாக்கிவிடாது. பல் கட்டிக்கொண்டவர் மென்று தின்கிறார், சிரிக்கவும் செய்கிறார். சிரிக்கிறார் என்பதற்காக அவருக்கு மெல்லும் தேவை இல்லை என்று எவரும் முடிவுகட்டுவதில்லை. கண்ணை இமை காப்பதுபோல என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். காக்க வேண்டிய இமையே மறைக்கத் தொடங்கும்போது, அதை அளந்து பார்ப்பதற்கு முன் அதற்கொரு பெயர் சூட்டித் திருப்பி அனுப்பாமலிருப்பது, முதியவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய மரியாதை.